காருக்குப் புது வண்ணம்: கணக்கில் வராத செலவு

வண்ணத்தை விரும்பாத மனிதர் இல்லை. குழந்தைக்கு வாங்கும் பலூன் முதல் திருமணத்திற்கு எடுக்கும் பட்டுச்சேலை வரை, மாட்டுப் பொங்கலன்று கொம்பிற்குப் பூசும் சாயம் முதல் தேர்தல் நேரத்தில் சுவரெங்கும் மின்னும் சின்னம் வரை, நாம் நிறங்களுக்கு நடுவிலேதான் வாழ்கிறோம். ஆகவே, ஒருவர் தாம் ஓட்டும் காரின் நிறத்தை மாற்ற விரும்பினால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால், "நிறம் மாற்ற என்ன செலவாகும்?" என்ற கேள்விக்கு நம் சமுதாயம் தரும் விடை முழுமையானது அன்று என்பதே என் கருத்து. அந்த விடையில் ஒரு பெரிய தொகை விடுபட்டுப் போகிறது. அதை எழுதிக் காட்டவே இக்கட்டுரை.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நான் பொருளியல் மாணவன். காருக்குச் சொந்தக்காரன் அல்லன். எனினும் என் தந்தை இருபத்தாறு ஆண்டுகள் கார்களுக்கு வண்ணம் பூசியவர். கோடை விடுமுறைகளில் அவருடன் பட்டறைக்குச் சென்று, வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்து, விரல் நுனி வெளுத்துப் போகும் வரை கதவுகளைத் தேய்த்தவன் நான். அந்த விரல்கள்தாம் இப்போது பேனாவைப் பிடித்திருக்கின்றன.

ராசிக்கு ஆகாத வெள்ளை

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் ஒரு நாள், பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற அலுவலர். நல்ல நிலையில் இருந்த வெள்ளை நிறச் சிறு கார். மகனுக்கு வேலை அமையவில்லை, வீட்டில் அடுத்தடுத்து மருத்துவச் செலவு; சோதிடரிடம் போயிருக்கிறார். "உங்கள் ராசிக்கு வெள்ளை வண்டி ஆகாது, சிவப்பு வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டாராம். மகனின் வேலையின்மைக்குக் காரின் நிறம் என்ன செய்யும் என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

பட்டறை முதலாளி காரைச் சுற்றி வந்து பார்த்தார். "அதே வெள்ளையே அடிக்கணும்னா நாற்பதாயிரம் சார். கலர் மாத்தணும்னா அறுபத்திரண்டாயிரம் ஆகும்" என்றார்.

பெரியவர் திடுக்கிட்டார். "என்னப்பா இது? ரெண்டு டப்பா பெயிண்ட். அது வெள்ளையா இருந்தா என்ன, சிவப்பா இருந்தா என்ன? கலருக்குக் கலர் இருபத்திரண்டாயிரம் வித்தியாசமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் கேட்கிறார்கள். வண்ணம் மாற்றுவது என்றால் டப்பாவைத் திறந்து பூசிவிடுவது என்று எண்ணிக்கொள்கிறோம். எனவே விடையைச் சற்று விரிவாகவே காண்போம்.

வண்ணம் வந்த வழி

அமெரிக்காவில் 1908-இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார், தொடக்கத்தில் பச்சை, சிவப்பு, சாம்பல் என்று பல நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. மலிவு, உறுதி, உற்பத்தி வேகம் ஆகியவற்றின் முன் மக்களின் நிற விருப்பம் தோற்று நின்றது. அக்காலத்தில் வார்னிஷ் கலந்த வண்ணங்களை ஒரு காருக்குப் பல படிவங்களாகப் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று.

1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 'ஓக்லாண்டு' கார்களுக்கு டுபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' என்ற விரைந்து உலரும் பூச்சைப் பயன்படுத்தத் தொடங்கியது. நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது அது. வாரங்கள் நாள்களாகச் சுருங்கின, வண்ணங்கள் பெருகின. நிறம் என்பது கார் விற்பனையின் ஓர் ஆயுதமாகவே ஆகிவிட்டது. நூறாண்டு கடந்தும் நம் ஊர்ப் பட்டறைகளில் "டூக்கோ அடிச்சுடலாம்" என்று சொல்வதைக் கேட்கலாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது!

என் தந்தை தொழில் கற்றபோது பூசியது அந்த நைட்ரோ செல்லுலோஸ் வகையைத்தான். பின்னர் ஹார்டனர் கலந்து அடிக்கும் 'பி.யூ.' பெயிண்ட் வந்தது. இறுகினால் கல்போல நிற்கும், வெயிலுக்கு மங்காது, பளபளப்போ கண்ணாடி போல இருக்கும். வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தனர். அந்த ஹார்டனரைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

பத்து நாள் தேய்ப்பு, அரை நாள் பூச்சு

"தம்பி, பெயிண்ட் அடிக்கிறது அரை நாள் வேலைதான், தேய்க்கிறதுதான் பத்து நாள்" என்பார் அப்பா. இத்தொழிலின் முழு இலக்கணமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

முதலில் வண்டியைக் கழுவி, பம்பர், விளக்குகள், கைப்பிடிகள், கண்ணாடி ஓரத்து ரப்பர், பீடிங் அனைத்தையும் கழற்ற வேண்டும். நசுங்கிய இடங்களை டிங்கர் தட்டி எடுப்பார். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பின்மேல் புதுப் பூச்சு பிடிக்காது. பிறகு பள்ளங்களில் பட்டி பார்க்க வேண்டும். காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. அதன்மேல் பிரைமர். அதையும் 400, 600, 800 என்று மென்மை கூடும் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். வண்ணம் படக்கூடாத இடங்களுக்குச் செய்தித்தாளும் டேப்பும் ஒட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் தெளிப்புத் துப்பாக்கி கைக்கு வரும். அடிவண்ணம் இரண்டு மூன்று படிவம். மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சு. பெரிய நிறுவனங்களில் அடைத்த கூடத்தில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றி உலர்த்துவர். எங்கள் பட்டறையில் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, தார்ப்பாய் கட்டி, மழை வராதிருக்க வேண்டிக்கொள்வோம்.

இனி அந்த இருபத்திரண்டாயிரத்திற்கு வருவோம். அதே நிறம் என்றால் வெளிப்புறம் மட்டும் போதும். நிறம் மாறினாலோ கதவின் உள்விளிம்பு, கதவு மூடும் தூண், பானட்டின் அடிப்புறம், என்ஜின் இருக்கும் அறை, டிக்கியின் உட்புறம், பெட்ரோல் மூடியின் பின்புறம் ஆகிய அத்தனை இடங்களிலும் பழைய நிறம் பல்லிளிக்கும். அவற்றுக்கும் பூச வேண்டுமானால் கதவுகளைக் கழற்ற வேண்டும். வயர்களை ஒதுக்க வேண்டும். விரல் நுழையாத சந்துகளைத் தேய்க்க வேண்டும். பரப்பு சிறிது, பாடு பெரிது! இதைச் செய்யாமல் மலிவாக முடித்துக்கொள்பவர்களும் உண்டு. வீதியில் செல்லும்போது சிவப்பு; கதவைத் திறந்தால் வெள்ளை. கட்சி மாறியவரின் வீட்டுக் கூடத்தில் பழைய தலைவரின் படம் மாட்டியிருப்பது போல அது காட்டிக் கொடுத்துவிடும்.

பணச் செலவு இத்துடன் முடியவில்லை. காரின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. நிறம் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அதையும் மாற்ற வேண்டும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் இசைவும் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவித்தல் நலம். எல்லா நிறமும் நம் விருப்பம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ராணுவ வண்டிகளுக்குரிய ஆலிவ் பச்சையை மற்றவர் பூசுதல் ஆகாது. போதாக்குறைக்கு, நாளை விற்கப் போனால் "முழுசா பெயிண்ட் அடிச்சிருக்கே, ஆக்சிடெண்ட் வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பவரும் உண்டு.

நாட்காட்டித் தாளில் ஒரு கணக்கு

பெரியவருக்காக முதலாளி அன்று நாட்காட்டித் தாளின் பின்புறம் போட்ட கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயிண்ட், ஹார்டனர், பிரைமர், பட்டி, தின்னர், தாள்கள், டேப், அப்பாவின் முகமூடிக்குப் புது வடிகட்டி 500 உட்படப் பொருள்கள் ரூ. 23,000. டிங்கர் வேலை ரூ. 5,000. கழற்றி மாட்டும் கூலியும் புது ரப்பரும் பீடிங்கும் ரூ. 6,500. பெயிண்டருக்கு நாளொன்றுக்கு 1,000, உதவியாளுக்கு 600 என 12 நாளுக்கு ரூ. 19,200. வாடகை, மின்சாரம், கம்ப்ரஸர் ரூ. 5,000. ஆகக்கூடி ரூ. 58,700. முதலாளிக்கு நிற்பது ரூ. 3,300.

பெரியவர் தாளைப் பார்க்கவில்லை. "ஐம்பத்தைந்துன்னா வண்டியை விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா அடுத்த பட்டறை இருக்கு" என்றார். அந்த மாதம் வேலை குறைவு. முதலாளி தலையாட்டிவிட்டார்.

ஏழாயிரம் ரூபாய் குறைந்தது. அந்த ஏழாயிரத்தைத் தந்தது யார்? பெயிண்ட் நிறுவனமா? இல்லை, டப்பாவின் விலை அச்சடித்த விலை. மின்வாரியமா? இல்லை. இடத்துக்காரரா? அவரும் இல்லை. முதலாளியின் 3,300 போயிற்று. மீதம் 3,700. பன்னிரண்டு நாள் வேலை பத்து நாளாகச் சுருக்கப்பட்டது, அதில் 3,200. எஞ்சிய 500 ரூபாய் எங்கே கிடைத்தது? "வடிகட்டி அடுத்த வண்டிக்கு வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி. அப்பா மறுக்கவில்லை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டிக்கொண்டு அடித்தது அதுவே முதல் முறையும் அன்று. கடைசி முறையும் அன்று.

பேரம் என்பது நம் நாட்டில் ஒரு சாமர்த்தியம். ஆயினும், விலையில் எந்தப் பகுதி வளைந்து கொடுக்கும் என்பதைப் பேரம் பேசுபவர் அறிவதில்லை. எது வாய் திறந்து பேசாதோ அதுவே வளைகிறது. பெயிண்ட் டப்பா பேசும். மின்கட்டணச் சீட்டு பேசும். உழைப்பவனின் நுரையீரல் மட்டும் பேசாது. பேசத் தொடங்கும்போதோ காலம் கடந்துவிடுகிறது.

காற்றில் கலந்த நஞ்சு

ஹார்டனரைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன் என்றேன். அதில் இருப்பவை ஐசோசயனேட்டுகள் என்னும் வேதிப்பொருள்கள். அப்பெயர் இந்நாட்டில் யாருக்கும் மறக்கக் கூடியது அன்று. 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபால் நகரத்தின் உயிர்களைக் குடித்தது மீத்தைல் ஐசோசயனேட். பெயிண்டில் இருப்பது அதே பொருள் அன்று. எளிதில் ஆவியாகாத வேறு உறுப்பினன். ஆயினும் குடும்பம் ஒன்றுதான். துப்பாக்கியால் தெளிக்கும்போது அது நுண்துளிகளாகி மூச்சில் புகுகிறது. தெளித்து முடித்த பின்னரும் கண்ணுக்குத் தெரியாத பனிபோல அறையில் நிற்கிறது. தீங்கு செய்யும் அளவை எட்டிய பின்னும் அதன் வாடை மூக்கிற்குத் தெரியாமல் போகலாம். எனவே, வாடையை வைத்து எச்சரிக்கை கொள்ளவும் வழியில்லை.

இதனால் வருவது தொழில்வழி ஆஸ்துமா. ஒருமுறை உடல் இப்பொருளுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுக் குழல் இறுகும். பிரிட்டனில் இவ்வகைப் பெயிண்டைத் தெளிப்பவருக்குச் சாதாரண வடிகட்டி முகமூடி போதாது, தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியே வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். நம் பட்டறையிலோ ஐந்நூறு ரூபாய் வடிகட்டியே பேரத்தில் பறிபோகிறது!

அந்தக் கோடைக்குப் பின் அப்பாவுக்கு இரவில் இருமல் வந்தது. பனி என்றோம், புழுதி என்றோம், பீடி என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அப்பா பீடியைத் தொட்டவரே அல்லர். ஆறு மாதம் கழித்து மருத்துவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கு?" அப்பா யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை நல்லாத்தான் இருக்குங்க. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போயிருந்தப்ப சுத்தமா இல்லை" என்றார். மருத்துவருக்கு அதுவே போதுமானதாயிருந்தது. "இனிமேல் அந்த வேலை செய்யாதீங்க. அடிக்கிற இடத்துல நிக்கவும் கூடாது" என்றார்.

இருபத்தாறு ஆண்டுத் தொழில் ஒரு நாளில் முடிந்தது. ஒரு துளி சிவப்பில் எத்தனை துளி கறுப்பு கலந்தால் பழைய பூச்சோடு பொருந்தும் என்று பார்வையாலேயே சொல்லக்கூடிய கண்கள் அவருக்கு. இன்று வீடுகளின் சுவருக்கு வெள்ளையடிக்கச் செல்கிறார். பட்டறையில் நாளுக்கு 1,000 என மாதம் 25 நாள் வேலை இருந்தது. இப்போது 800 என 20 நாள் கிடைத்தால் நல்ல மாதம். மாதத்திற்கு 9,000 ரூபாய் இழப்பு. மூச்சுக்கு இழுக்கும் மருந்தின் செலவு தனி.

அந்த ஒரு காரால் இது வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். அந்தப் பெரியவரும் கொடியவர் அல்லர். மகனுக்காக வருந்திய ஒரு தகப்பனார். இருபத்தாறு ஆண்டுகளில் வந்துபோன கார்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுபடி பெற்றுச் சென்றன. அத்தனை தள்ளுபடிகளையும் சேர்த்து இப்போது எங்கள் வீடு செலுத்திக்கொண்டிருக்கிறது.

பொருளியல் வகுப்பில் பிகூ என்ற அறிஞரைப் பற்றிப் படித்தோம். 1920-இல் வெளிவந்த நலப் பொருளியல் பற்றிய நூலில், ஒரு செயலின் தனியார் செலவு வேறு, சமுதாயச் செலவு வேறு என்று விளக்கியவர் அவர். வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்த விலைக்கு வெளியே நின்று ஒருவர் இழப்பைத் தாங்கினால், அந்த விலை முழு விலை ஆகாது. பேராசிரியர் ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகக் கூறினார். எனக்கோ அப்பாவின் கைக்குட்டை நினைவுக்கு வந்தது.

மறுப்பும் விடையும்

"சட்டம் இருக்கிறதே!" எனலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நஞ்சும் இடம்பெற்றிருந்தது. ஆனால் மின்விசையுடன் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று அச்சட்டம் வரையறுத்தது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அந்த வாசலுக்கு வெளியே நின்றது. நோய்க்கு ஆள்கணக்குத் தெரியாது, சட்டத்திற்குத்தான் தெரிந்திருந்தது.

"பெயிண்டர்களே முகமூடி போட மாட்டேன் என்கிறார்களே!" எனலாம். உண்மைதான். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் அதை மாட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும். ஆனால் ஆபத்து இன்னதென்று சொல்லித்தந்து, அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுத்த பின் அவர் மறுத்தால் அவரைக் குறை கூறலாம். எதையும் தராமல் பழியை மட்டும் தருவது முறையன்று.

"விலையைக் கூட்டினால் வேலையே வராது, உன் அப்பாவைப் போன்றவர்கள் பட்டினி கிடப்பார்கள்" எனலாம். இதுதான் வலிமையான மறுப்பு. முதலாளிக்கு நின்ற 3,300-ஐப் பார்த்தவன் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு பட்டறை மட்டும் கூட்டினால் வேலை அடுத்த பட்டறைக்குத்தான் போகும். ஆகவே இதைத் தனியொரு முதலாளியின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிட இயலாது. ஊரிலுள்ள பட்டறைகள் ஒன்றுகூடிப் பாதுகாப்புச் செலவைச் சீட்டில் தனி வரியாக எழுத வேண்டும். அந்த வரியில் மட்டும் பேரம் இல்லை என்று பலகை மாட்ட வேண்டும். அரசு, தொழிற்பேட்டைகளில் காற்றை வடிகட்டும் வசதியுள்ள ஒரு பொதுப் பூச்சுக்கூடத்தை அமைத்து, சிறு பட்டறைகளுக்கு நாள் வாடகைக்குத் தரலாம். தேய்க்கும் பத்து நாள் அவரவர் பட்டறையில். தெளிக்கும் அரை நாள் பொதுக்கூடத்தில். இது நடக்க முடியாத கனவன்று.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், சாலை கூட்டுகிறோம். அவை நல்லவையே. இவ்வாண்டு ஒரு நாள் புறவழிச்சாலைப் பட்டறைகளுக்குச் செல்வோம். வேதியியல் மாணவர்கள் ஹார்டனர் டப்பாவின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைத் தமிழில் படித்துக் காட்டட்டும். அரசு மருத்துவமனையின் துணையோடு மூச்சுத்திறன் சோதனை ஒன்று நடத்துவோம். "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கு?" என்ற அந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு பெயிண்டரிடமும் கேட்போம். அப்பாவிடம் அதை யாராவது ஐந்தாண்டு முன்னதாகக் கேட்டிருந்தால்!

முடிவாக

காரின் நிறத்தை மாற்றாதீர்கள் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறினால் பட்டறைகளின் அடுப்பில் தண்ணீர் ஊற்றியவன் ஆவேன். விரும்பினால் மாற்றுங்கள், அழகுக்காக மாற்றுங்கள், ஆசைக்காக மாற்றுங்கள். ராசிக்காக மாற்றுவதாயின் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெரியவரின் மகனுக்கு வேலை கிடைத்தது, மறு ஆண்டு ஒரு போட்டித் தேர்வு எழுதி. சிவப்புக் கார் அவனுக்குப் பாடம் சொல்லித் தரவில்லை.

ஆனால் மாற்றும்போது முழுச் செலவையும் கொடுங்கள். பட்டறைக்காரர் தொகையைச் சொன்னதும் "ரெண்டு டப்பா பெயிண்ட்தானே?" என்று கேட்பதற்கு முன், "அடிக்கிறவருக்கு முகமூடி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் உங்கள் பணம் குறையாது. ஒரு குடும்பத்தின் மூச்சு நிலைக்கும்.

சென்ற மாதம் எங்கள் தெரு முனையில் அந்தச் சிவப்புக் காரை மீண்டும் பார்த்தேன். வெயிலில் நின்றிருந்தது. பத்து நாளில் முடித்த வேலை. பின்கதவின் ஓரத்தில் பூச்சு உரிந்து உள்ளேயிருந்த வெள்ளை தெரிந்தது. உடன் வந்த அப்பா நின்று, அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சிருக்கணும்" என்றார். பிறகு இருமல் வந்தது, நடந்தோம்.